ஒருநாள் கல்லாவை மூடுவது வீணா? மே 5 மாநாட்டில் மேடை பெரிதா, பந்தி பெரிதா?

மே 5-ந்தேதி பையைத் தூக்கிக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறவர்கள் பலர் வெறுங்கையோடு திரும்புவார்கள். கோயம்பேடு மார்க்கெட்டுக்கு அன்று விடுமுறை. தெருமுனை மளிகைக் கடையிலும் ஷட்டர் இறங்கியிருக்கும்.

காரணம், வணிகர் தினம். மாநிலம் முழுவதும் இருந்து வியாபாரிகள் வேன் பிடித்து மாநாட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ஒருநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு, கத்திரி வெயிலில் பந்தலுக்குள் வியர்த்து வழிவதால் என்ன லாபம்?

மேடையில் கிடைத்தது

லாபம் இல்லாமல் இல்லை. 2025-ல் மதுராந்தகத்தில் நடந்த மாநாட்டுக்கு முதல்-அமைச்சராக வந்த மு.க.ஸ்டாலின், மே 5-ந்தேதியை அரசே வணிகர் நாளாக அறிவிக்கும் என்றார். வணிகர் நல வாரிய உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் ரூ.3 லட்சம், ரூ.5 லட்சமாக உயரும் என்றும் சொன்னார்.

ஆனால் சின்னக் கடைக்காரருக்கு நிஜமான வரவு மேடையில் இல்லை. போகிற வேனிலும், சாப்பாட்டுப் பந்தியிலும்தான் இருக்கிறது!

பந்தியில் நடப்பது

"உங்க ஊர்ல பருப்பு என்ன விலைக்கு இறங்குது?"

"அந்த பார்ட்டி செக் கொடுத்தா வாங்காதீங்கண்ணே. திரும்பிடும்!"

"சோதனைன்னு வந்து நிக்கிறாங்க. நாங்க யாரைப் பார்க்கணும்?"

இலை போட்டு எடுப்பதற்குள் இப்படி ஆயிரம் பேச்சு. ஒரு ஊரில் கடனுக்குச் சரக்கு எடுத்துவிட்டுக் கம்பி நீட்டியவன், அடுத்த ஊரில் வேறு பெயரில் கடை தேடுவான். இரண்டு ஊர்க் கடைக்காரர்களும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால், அவன் பாச்சா பலிக்காது.

சங்கம் என்பது ரசீதுப் புத்தகமும் பெயர்ப் பலகையும் மட்டும் அல்ல. ஆபத்து நேரத்தில் யாருக்குப் போன் போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவரும், "அட, நம்ம ஆளு" என்று எடுக்க வேண்டும். முகம் பார்த்துப் பேசினால்தான் அது நடக்கும்.

2020 கொடுத்த பாடம்

அதற்குச் சோதனையாக வந்தது 2020. கொரோனா ஊரடங்கில் மாநாட்டுக்கு வழியில்லை. நோய் பரவியதால் கோயம்பேடு மார்க்கெட்டே மே 5 முதல் மூடப்பட்டது.

அடுத்த மாதம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய தந்தையையும் மகனையும் போலீசார் பிடித்துச் சென்றனர். இருவரும் காவலில் இறந்தனர். நாடே கொதித்தது. வியாபாரிகள் கண்டனம் தெரிவித்துக் கடையடைப்பு நடத்தினார்கள்.

அந்த ஆண்டு பந்தல் இல்லை, பந்தியும் இல்லை. ஆனாலும் ஊருக்கு ஊர் தகவல் பறந்தது. முந்தைய ஆண்டுகளில் பழகிய பழக்கம் அப்போது கைகொடுத்தது.

இரண்டு பந்தல் ஏன்?

குறையும் உண்டு. ஒன்றாக இருந்த வணிகர் சங்கங்கள் பேரவை, பேரமைப்பு என்று பிரிந்தன. பேரவைக்குத் த.வெள்ளையன் (2024-ல் காலமானார்), பேரமைப்புக்கு ஏ.எம்.விக்கிரமராஜா என்று இரண்டு தலைமை. ஒரே மே 5-ந்தேதிக்கு இரண்டு மாநாடு. எந்த வேனில் ஏறுவது என்று கடைக்காரர் முழித்தார்.

இரண்டும் ஒரே குரலில் பேசினால் என்ன ஆகும் என்பதையும் ஊர் பார்த்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று இரு தரப்பும் அறிவித்தபோது, பெரிய கம்பெனிகளே திரும்பிப் பார்த்தன.

மறுநாள் கணக்கு

இன்று கடைக்காரருக்கு எதிரி எதிர்க் கடை அல்ல. செல்போனில் ஆர்டர் எடுத்து, பத்து நிமிடத்தில் வாசலில் சாமானை இறக்கும் கம்பெனி. தனியாக நின்றால் கதை முடிந்தது.

எனவே மாநாட்டுக்கு எத்தனை வேன் போனது என்பது கணக்கில்லை. பந்தியில் நம்பர் வாங்கியவருக்கு, ஊர் திரும்பியதும் ஒரு போன் போட்டாரா? அதுதான் கணக்கு. போடாவிட்டால், மிச்சம் வேன் வாடகைச் செலவு மட்டுமே!