சுவரில் மாட்டுங்க, ஆனா பேரோட மாட்டுங்க

பழைய இலங்கை வரைபடங்கள், கோப்பித் தோட்டச் சித்திரங்கள், கொழும்பு பிளாட்டே கம்பெனியின் தபால் அட்டைகள். இதையெல்லாம் பிரேம் போட்டு மாட்டுறது இப்ப ஒரு பேஷன். ஹோட்டலாக மாறிய துரை பங்களாக்களில் நிறையவே பார்க்கலாம். அழகுதான், மறுக்கல. ஆனா கூடையோடு நிற்கும் அந்தப் பொம்பளைக்குப் பேர் இல்ல. பல அட்டைகளில் 'தமிழ்க் கூலி' என்பதோடு சரி. வரைபடத்திலும் பெரும்பாலும் துரைமார் வைத்த தோட்டப் பேர்களே இருக்கு. லயத்தில் நாங்க சொல்லும் தமிழ்ப் பேர்கள் இல்ல.

மாத்தளைக்காரர்களுக்கு அந்த வரைபடம் வெறும் அலங்காரமில்லை. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய நம்ம முன்னோர் காட்டுவழியே நடந்துதான் மாத்தளைக்கு வந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். மலையகத்தின் 200 வருடத்தை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12இல் முடிந்ததும் மாத்தளையில்தான்.

அதனால பழைய படமே வேணாம்னு நாங்க சொல்லல. பங்களாவுக்கு மட்டும் அதை ஏன் விடணும்? நம்ம வீட்டிலும் மாட்டுவோம். விலை கொடுத்து அசல் வாங்கத் தேவையில்ல. வெயில் பட்டா அது மங்கிடும். ஒரு நகல் போதும். அதில் தலைமன்னார், தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை என்று சிவப்புப் பேனாவால் கோடு போடுங்க. தோட்டத்தின் தமிழ்ப் பேரையும் எழுதுங்க. பக்கத்திலேயே பாட்டியின் படம், அடியில் அவங்க முழுப்பேர். வர்றவங்க "இது என்ன கோடு?"ன்னு கேட்பாங்க. உட்கார வைச்சு சொல்லுங்க.