குடை மேற்கே, தண்ணீர் கிழக்கே



இந்த இதழின் நடுப்பக்கங்களில் ஒரு பயணக் கட்டுரை வந்திருக்கிறது. எழுதியவர் அண்ணனூரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. லிஸ்பனில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போனவர், பேத்தியைக் கொஞ்சிவிட்டு, நாலு பாட்டில் ஊறுகாயைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அறுபத்து மூன்று வயதில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு, போர்ச்சுகலின் தென்மேற்குக் கடற்கரையில் நான்கு நாள் நடந்துவிட்டு வந்திருக்கிறார். காலுக்குக் கீழே செங்குத்துப் பாறை. அதற்கும் கீழே அட்லாண்டிக் பெருங்கடல். காற்று ஆளைத் தள்ளுகிறதாம். புடவை சரிப்பட்டு வராது என்று மகளின் பேண்ட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாராம். அந்தப் புகைப்படத்தை மட்டும் பிரசுரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வாக்கைக் காப்பாற்றியிருக்கிறோம்.

கட்டுரையைப் படித்துக்கொண்டு வரும்போது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். அவர் நடந்த வழிக்கு அங்கே ‘மீனவர் பாதை’ என்று பெயர். ‘ரோட்டா விசென்டினா’ என்ற பெரிய நடைபாதைத் தொகுப்பில் அது ஒரு பகுதி. சுற்றுலாத் துறை புதிதாக வெட்டிய பாதை இல்லை. தூண்டிலும் கூடையுமாகப் பாறை விளிம்புக்குப் போய் மீன் பிடித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக மிதித்து உண்டான ஒற்றையடித் தடம்தான் அது. அங்கே சார்டாவ் முனையில் அலையடிக்கும் பாறை உச்சியில் செங்கால் நாரைகள் கூடு கட்டியிருப்பதை ஆசிரியை ரசித்து எழுதியிருக்கிறார். எனக்கு நாரையைவிட அந்தத் தடம்தான் பிடித்தது. பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் இருக்கும் கடலோரப் பாதையைச் சுங்கக்காரர் பாதை என்கிறார்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் 1,014 கிலோமீட்டர் நீளும் பாதையும் அப்படிப்பட்டதுதான். கள்ளக்கடத்தல் படகுகளைத் தேடி, காவலர்கள் குடா குடாவாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்த வழி. இன்று விடுமுறைக்கு வருகிறவர்கள் நடக்கும் பாதையெல்லாம் ஒரு காலத்தில் யாரோ வேலைக்கு நடந்தது.

அப்படியானால் நமக்கு எது பாதை? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் எந்தப் பக்கம் நடப்போம்?

யோசிக்கவே வேண்டாம், மேற்கேதான். நான் பிறந்து வளர்ந்தது அம்பத்தூர். புரட்டாசியில் திருப்பதிக் குடை வரும் நாளில் சி.டி.எச். ரோட்டில் பிள்ளைகள் நாங்கள் காலையிலேயே இடம் பிடித்துவிடுவோம். பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலில் புறப்பட்ட வெண்பட்டுக் குடைகள் ஆடி ஆடி வரும். ‘கோவிந்தா’ முதலில் கேட்கும், குடை அப்புறம்தான் தெரியும். பின்னால் மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக ஒரு கூட்டம். அவர்களுக்கு மோர் கொடுப்பதற்காக என் பாட்டி அண்டாவோடு வாசலில் நிற்பாள். நடை என்றால் அதுதான் நடை: திருவள்ளூர், திருத்தணி, திருப்பதி. வெயில் முகத்தில் அடிக்க, சூரியன் இறங்கும் திசைக்குப் போவது.

கிழக்கே கடல் இருக்கிறது என்பது காணும் பொங்கலன்றுதான் நமக்கு ஞாபகம் வரும். வேனில் அடைத்துக்கொண்டு மெரினாவுக்குப் போவோம். காலை நனைப்போம், சுண்டல் தின்போம், கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்துக் கண்டுபிடிப்போம், திரும்புவோம். நானும் ஐம்பத்தைந்து வயதுவரை கடலைப் பார்த்திருக்கிறேனே தவிர, அதன் ஓரமாக நடந்ததில்லை.

போன மாசியில் மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள். “அப்பா, ஒரு ராத்திரி தூங்காம இருப்பீங்களா?” என்று கேட்டாள். இதழ் முடிக்கும் வாரத்தில் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறேன் என்று சொன்னேன். “அது உட்கார்ந்துகிட்டு. இது நடந்துகிட்டு” என்றாள்.

பூந்தமல்லியிலிருந்து இரண்டு பஸ் மாறி நீலாங்கரை. அங்கிருந்து வடக்கே பெசன்ட் நகர்வரை கடலோரமாக ஏழு கிலோமீட்டர். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்பின்னாகத் தொடங்கி, விடியலுக்கு முன் முடிகிற நடை. ஆமை நடை என்று சொல்கிறார்கள். தை முதல் பங்குனிவரை முட்டையிடக் கரையேறும் ஆமைகளைத் தேடிப் போவது. பங்குனியில் வருவதால் அதற்குப் பங்குனி ஆமை என்றே பெயர். 1970-களில் ரோமுலஸ் விட்டேகரும் சென்னைப் பாம்புப் பண்ணை நண்பர்களும் இந்தக் கரையில் இரவு இரவாக நடக்க ஆரம்பித்தார்கள். 1988-ல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு உருவானது. அன்று முதல் ஒவ்வொரு பருவத்திலும் கல்லூரிப் பிள்ளைகள் இந்த ஏழு கிலோமீட்டரை நடக்கிறார்கள். வார இறுதிகளில் பொதுமக்களையும் கூட்டிப் போகிறார்கள்.

எங்களை நடத்திப் போன பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. மணலில் உட்கார வைத்துச் சட்டதிட்டங்களைச் சொன்னான். டார்ச் அடிக்கக் கூடாது, செல்போன் வெளிச்சமும் கூடாது, சத்தம் போடக் கூடாது, ஆமையைப் பார்த்தால் முன்னால் போய் நிற்கக் கூடாது. “ஒண்ணுமே பார்க்காமலும் திரும்பலாம் சார், கோவிச்சுக்கக் கூடாது” என்று கடைசியாக ஒன்று சொன்னான். வாசகரிடம் சந்தா வசூலிக்கும்போதே இப்படிச் சொல்லிவிடும் துணிச்சல் எனக்கு வந்ததில்லை.

வலக்கை பக்கம் கடல், இடக்கை பக்கம் பங்களா மதில்கள். முதல் அரை மணி நேரம் கண் ஒன்றையும் பிடிக்கவில்லை. பிறகு நுரை தெரிந்தது, நண்டு ஓடுவது தெரிந்தது, கரையில் ஏற்றிப் போட்ட ஃபைபர் படகுகளும் வலைக் குவியல்களும் தெரிந்தன. ஈர மணலில் நடந்தால் கால் எளிதாகப் போகிறது. ஆனால் தடம் தேடுகிறவர்கள் அலை தொடாத காய்ந்த மணலையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கெண்டைக்கால் கெஞ்சியது. பாலவாக்கத்தைத் தாண்டுவதற்குள் செருப்பு கைக்கு வந்துவிட்டது.

முதலில் பார்த்தது செத்த ஆமை. கழுத்தும் கண்ணும் வீங்கிக் கிடந்தது. ஆமைக்கு இருப்பது நுரையீரல். மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும். இழுவலையில் மாட்டி நீருக்கடியிலேயே கிடந்தால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் இப்படி நூற்றுக்கணக்கில் ஒதுங்கியதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். நானும் படித்தேன், பக்கத்தைப் புரட்டினேன். நாற்பது கிலோ உடம்பு காலடியில் கிடக்கும்போது புரட்ட முடியவில்லை. பையன் அளவெடுத்துக் குறித்துக்கொண்டு, அடுத்த ராத்திரி வருகிறவர்கள் மறுபடி எண்ணிவிடாமல் இருக்க ஓட்டில் அடையாளம் வைத்தான். யாரும் பேசவில்லை.

கொட்டிவாக்கம் தாண்டியபோது முன்னால் போனவள் கையைத் தூக்கினாள். நின்றோம். கடலிலிருந்து மேலேறி, ஒரு வளைவு எடுத்து, மறுபடி கடலுக்கே இறங்கிய தடம். டிராக்டர் சக்கரம் போன மாதிரி இருந்தது. அம்மா போய்விட்டாள், அரை மணி நேரம் முந்தியிருந்தால் பார்த்திருக்கலாம். மணல் கலைந்திருந்த இடத்தில் பையன் ஒரு கம்பை மெல்ல இறக்கி இறக்கிப் பார்த்தான். ஓரிடத்தில் சட்டென்று உள்ளே போனது. முட்டி போட்டுக் கையால் தோண்டினான். தோள்வரை கை உள்ளே போய், வெளியே வந்தபோது உள்ளங்கையில் ஒரு முட்டை: வெள்ளையாக, பிங்பாங் பந்துபோல, மேலே ஈர மணல் ஒட்டிக்கொண்டு. எண்ணினோம். நூற்றுப் பதினெட்டு. துணிப்பையில் அடுக்கி, அடைகாப்பகத்துக்குக் கொண்டுபோய் அதே ஆழத்துக்குக் குழி எடுத்துப் புதைப்பார்களாம். நாயும் மனிதரும் கிளறிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு.

நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் குஞ்சு பொரியும். மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். மேலே வந்ததும் குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கம் ஓடும். ஒரு காலத்தில் ராத்திரியில் வெளிச்சமான பக்கம் என்றால் கடல்தான். இன்று நம் தெருவிளக்கு. ரோட்டை நோக்கி ஓடித் தாரில் நசுங்கும் குஞ்சுகளுக்காகவும்தான் அடைகாப்பகம். குஞ்சுகளைக் கணக்குப் பார்த்துக் கடல் பக்கம் விடுகிறார்கள். இதே இன ஆமை, அண்ணனூர் ஆசிரியை பார்த்த அதே அட்லாண்டிக்கின் வேறு கரைகளில், தென் அமெரிக்காவின் சூரினாமிலும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலும், ஏறி முட்டையிடுகிறது. அதற்கு ஏது கடவுச்சீட்டு!

பெசன்ட் நகர் வந்தபோது நாலரை மணி. ஷ்மித் நினைவு மண்டபத்தின் அருகே உட்கார்ந்தோம். 1930-ல் இந்தக் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க்காரருக்கு எழுப்பியது அது. மற்றவர்கள் கலைந்தார்கள். “இன்னும் கொஞ்சம் போலாம்ப்பா” என்றாள் மகள். ஊரூர் குப்பம் தாண்டி, அடையாறு கடலைத் தொடும் முகத்துவாரம்வரை போனோம்.

அங்கே ஒரு பெரியவர் வலையில் சிக்கல் எடுத்துக்கொண்டிருந்தார். “இன்னா சார், தூக்கம் வர்லியா?” என்று கேட்டார். ஆமை பார்க்க வந்ததைச் சொன்னேன். எந்த ஊர் என்றார். பூந்தமல்லி என்றேன். வலையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

“பூந்தமல்லியா? செம்பரம்பாக்கம் தொறந்தா எங்களுக்குத் தெரிஞ்சிரும் சார். ஆகாயத்தாமரை, கட்டை, பாட்டிலு, பிளாஸ்டிக் கவரு, அல்லாம் எங்க வலையிலதான் வந்து மாட்டும். உங்க ஊர்த் தண்ணிய நாங்க தெனம் பாக்குறோம். நீங்கதான் இன்னிக்கு வந்துகிறீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் பதில் வரவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியில் 24 அடி தண்ணீர் நின்றால் நிரம்பியது என்று கணக்கு. மழைக்காலத்தில் 22 அடி, 23 அடி என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருப்போம். 2015 டிசம்பர் முதல் தேதி வெள்ளத்தை நம் பகுதியில் யாரும் மறக்கவில்லை. ஷட்டரைத் திறந்து உபரி நீர் வெளியேறிவிட்டது என்றால் பெருமூச்சு விடுவோம். அது அடையாற்றில் கலந்து, இந்த முனையில், இந்தக் குப்பத்து வாசலில் கடலைத் தொடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். வந்து பார்த்ததில்லை. திருவேற்காட்டை ஒட்டிப் போகும் கூவம் நேப்பியர் பாலத்தருகே கடல் சேர்வதும் அப்படித்தான். நம்முடைய குடை மேற்கே போகிறது, அதற்குப் பின்னால் நாமும் போகிறோம். நம்முடைய தண்ணீர் மட்டும் கிழக்கே போகிறது, தனியாக.

வெளிச்சம் வந்தது. 1977-ல் உடைந்த பாலம் ஆற்றின் நடுவில் நின்றுபோயிருந்தது. ஆற்றுநீர் ஒரு நிறம், கடல் ஒரு நிறம். இரண்டும் கலக்கும் கோட்டில் ஒரு தெர்மோகோல் துண்டு போகவும் முடியாமல் வரவும் முடியாமல் ஆடிக்கொண்டிருந்தது. மகள் இறங்கிப்போய் எடுத்துவந்தாள். ஏதோ ஒரு குளிர்பெட்டியின் மூடி. எந்த ஊரிலிருந்து வந்தது என்று அதில் எழுதியிருக்கவில்லை. என் கண்ணுக்கு மட்டும் பூந்தமல்லி என்று தெரிந்தது.

ஆசிரியையின் கட்டுரையைப் படித்ததிலிருந்து இந்த ராத்திரிதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. அட்லாண்டிக் கரையில் பாதை இருப்பதற்குக் காரணம் பாறையின் அழகு இல்லை. அங்கே தினமும் போய்ப் பார்க்க ஒருவருக்கு ஒரு வேலை இருந்தது: மீன், படகு, காவல். நம் கரையில் பாறை விளிம்பு இல்லை, பெயர்ப்பலகை இல்லை, வழிகாட்டி அம்புக்குறி இல்லை. ஆனால் பார்க்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பருவம்தோறும் அதைச் செய்வதால் ஏழு கிலோமீட்டருக்கு ஒரு தடம் விழுந்திருக்கிறது. அலை வந்து தினமும் அழிக்கிறது. அவர்கள் தினமும் போடுகிறார்கள்.

எனவே இந்தத் தடவை வாசகர்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஏரி எது? அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம், எதுவாகவும் இருக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதன் கரையில் நடந்து கலங்கலைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று முடிந்தவரை கூடவே நடந்து பாருங்கள். மதில் குறுக்கே வந்தால் அதையும் எழுதுங்கள், கால்வாயைக் காணோம் என்றால் அதையும் எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்கு மிகாமல் அனுப்பினால் தை இதழில் வெளியிடுகிறோம்.

தை பிறந்ததும் கடற்கரைக்கும் வாருங்கள். அண்ணனூர் ஆசிரியையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், தன் சொந்தப் பேண்ட்டோடு. பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். ஒன்றும் பார்க்காமலும் திரும்ப நேரிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிக் கூட்டி வாருங்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொள்ளலாம். டார்ச்சை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்