அடைக்கலமாய் வந்த இசைத்தட்டுகள்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலராசிரியர் எழுதியபோது, கல்லூரி நாட்களைப் பற்றியே எழுதலாமென்று முதலில் எண்ணினேன். ஆயின் அதனை என்னினும் நன்றாக எழுதவல்லார் பலர் உளர். ஆதலின், விடுதியில் என்னோடு உறைந்த நண்பர்கள் அந்நாளில் எள்ளி நகையாடிய என் பித்தினைப் பற்றியே எழுதத் துணிந்தேன். விடுமுறை கழித்து இராகலையிலிருந்து திரும்பும்போது ஏனையோர் பலகாரப் பெட்டியுடன் வருவர். நான் இசைத்தட்டுப் பெட்டியுடன் வருவேன். பலகாரம் கிடைக்காத ஏமாற்றத்தை அவர்கள் இன்னும் மறந்திரார்.

இப்பொழுது என்னிடம் இருநூற்றுக்குச் சற்று மேற்பட்ட தட்டுகள் உள்ளன. அவற்றிற் பெரும்பகுதி நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டுகள். எஞ்சியவை, 1948 இல் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கிய வைனைல் நெடுந்தட்டு வகையின. பின்னவற்றிற் பல, 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபின் தாயகம் மீண்ட துரை ஒருவர் விற்றுச் சென்றவை. பீத்தோவனை எனக்கு அறிமுகம் செய்துவைத்தவர் அவரே. அதனை அவர் அறியார்.

தட்டு என்பது பாடுவதற்காகவே செய்யப்பட்டது. அதனைப் பேழையுள் வைத்துப் பூட்டுதல் தகாது என்பது என் கட்சி. என் மைந்தன் எதிர்க்கட்சி. ஒவ்வொரு முறை பாடும்போதும் தட்டுத் தேய்கிறது என்பான். அதே பாட்டுக் கைப்பேசியில் இரைச்சலின்றிக் கிடைக்கிறதே என்பான். முதலாவது கூற்றை நான் மறுக்கவில்லை. அரக்கோடு கற்பொடியும் கலந்தே பழைய தட்டுகளை வார்த்தனர். அப்பொடி உருக்கூசியை அராவி, வரித்தடத்திற்கு இசைந்த வடிவாக்கும். ஆகையால் ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை எறிந்துவிடவேண்டும். ஊசிக்குக் காசு செலவிட மனமின்றி ஒரே ஊசியால் ஒரு மாதம் பாடவைத்த வீடுகளிலேதான் தட்டுகள் பாழாயின. மேலும், 78 தட்டின் வரித்தடம் அகன்றது. நெடுந்தட்டின் தடமோ மிக நுண்ணியது. ஒன்றன் ஊசி மற்றொன்றிற்கு ஆகாது. நெடுந்தட்டைப் பழைய பெட்டியில் ஏற்றுவோன் அதனை உழுதே விடுகின்றான்.

இராகலையின் பனியும் தூறலும் வேறு இவற்றிற்குப் பகை. மாரி தொடங்கிவிட்டால் உறைகளிற் பூஞ்சணம் படியும். கடையிற் கிடைக்கும் மதுசாரத்தால் துடைக்கலாமென ஒரு நண்பர் அறிவுரை கூற, நானும் அவ்வாறே செய்து ஓர் அரக்குத் தட்டின் முகத்தையே கரைத்துவிட்டேன். அரக்கு மதுசாரத்திற் கரையும் என்பதைக் கல்லூரி இரசாயன வகுப்பிற் கேட்டிருந்தும் மறந்தமைக்கு என் ஆசிரியர் பொறுப்பல்லர். இப்பொழுது மென்துணியொன்றே போதுமென்றிருக்கிறேன். தட்டுகளை ஒன்றன்மேலொன்றாய் அடுக்காது, நூல்களைப்போல் நிமிர்த்தி வைக்கின்றேன்.

மாலையிற் பனி இறங்கிக் கொழுந்து மடுவமும் ஸ்டோரும் கண்ணுக்கு மறைந்தபின், சாவியை முறுக்கி ஒரு தட்டை வைப்பது என் வழக்கம். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். கச்சேரியில் ஒரு நாழிகைக்கு மேல் விரியும் இராகத்தை அந்த மூன்று நிமிடத்துள் அடக்கவேண்டிய நெருக்கடி பாடகர்க்கு இருந்தது. அது குறையென்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடியைத் தட்டிற் கேளுங்கள். ஓர் ஊதலேனும் வீணாகவில்லை. எஸ். ஜி. கிட்டப்பா 1933 இல், தமது 27 ஆம் வயதில் மறைந்தார். அவரை நேரிற் கேட்டோர் இன்று இலர். அக்குரல் எவ்வளவு உயரம் எட்டிற்று என்பதற்குத் தட்டுகளே சான்று. இரண்டாம் உலகப் போரின்போது அரக்குக்குத் தட்டுப்பாடு நேர, மேலைநாடுகளிற் பழைய தட்டுகளைத் திரட்டி உருக்கிப் புதியன வார்த்தார்களாம். எத்தனை குரல்கள் அவ்வுலையிற் போயினவோ!

மலைநாட்டிற்கு இசை தட்டுவழி மட்டும் வந்ததன்று. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு லயத்து வாயில்தோறும் கேட்டது, திருவிழாவென்றால் ஒலிபெருக்கி. அவற்றைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். நான் கூற விரும்புவது வேறொன்று. என் இருநூறு தட்டுகளுள் மலையகத்துப் பெண்ணொருத்தியின் குரல் ஒன்றேனும் இல்லை. கோதண்டராம நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களிற் பாடினார். அவர்தம் பாட்டுகள் அச்சில் வந்தன. நம் மக்களின் நாட்டுப்பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்து நூலாக்கினார். சொற்கள் தப்பின, மெட்டு முதியோர் தொண்டையில் மட்டுமே தங்கிற்று. சென்னையிலிருந்து வந்த குரல்களை நாம் விலைகொடுத்து வாங்கிக் கேட்டோம். கொழுந்து மலையில் நம் பாட்டியர் பாடியதை வாங்க ஆளில்லை. ஆதலின் வார்ப்பாரும் இல்லை. தட்டுகளை இவ்வளவு நேசிக்கும் எனக்கு அவற்றின்மேல் உள்ள ஒரே மனத்தாங்கல் இதுவே.

இனி, தலைப்பிற்குரிய செய்திக்கு வருகின்றேன். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா செல்லவேண்டியவராய் எண்ணப்பட்டோர் ஐந்தேகால் இலட்சம். எங்கள் தோட்டத்து ஸ்டோரில் வேலைசெய்த பெரியவர் ஒருவரும் எழுபதுகளில் குடும்பத்தோடு புறப்பட்டார். நானுஓயாவிற் புகைவண்டி ஏறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் போகவேண்டும். பாட்டுப் பெட்டியை விற்றுவிட்டார். பன்னிரண்டு தட்டுகளைச் சாக்கிற் சுற்றி என் தந்தையார் வீட்டிற்குக் கொணர்ந்தார். “தம்பி, கப்பல்ல ஏத்துனா ஒடஞ்சுரும். ஒங்ககிட்டயே இருக்கட்டும். சும்மா அடுக்கி வச்சுறாதீங்க, பாட விடுங்க” என்றார். 1983 ஆடியில் அவசரமாய்ப் பெட்டிகளை இடம் மாற்றியபோது இரண்டு உடைந்தன. எஞ்சிய பத்தும் பாடிக்கொண்டிருக்கின்றன.

அண்மையில் கோத்தகிரியிலிருந்து அப்பெரியவரின் பேரன் எவ்வாறோ என்னைத் தேடிப் பிடித்துப் பேசினான். அவன் கேட்டது ஒரு குறிப்பிட்ட தட்டை. அப்பாட்டுக் கைப்பேசியிலே கிடைக்குமே என்றேன், என் மைந்தனைப்போல! கிடைத்ததாம், ஆனால் தன் தந்தையார் அதனை ஏற்கவில்லையாம். காரணம் எனக்கு உடனே விளங்கிற்று. அத்தட்டில் ஒரு கீறல் உண்டு. சரணத்தின் நடுவே ஊசி துள்ளி ஓர் அடியைத் தாவிவிடும். தாவிய அடியைப் பெரியவர் தம் குரலாற் பாடி இட்டு நிரப்புவார். லயத்துச் சிறுவர்களாகிய நாங்கள் அதற்காகவே காத்திருப்போம். மகனுக்கு அப்பாட்டென்றால் அந்தத் துள்ளலும் தகப்பன் குரலுந்தான். அன்றிரவே தட்டைப் பாடவிட்டுத் துள்ளலோடு பதிவுசெய்து அனுப்பினேன். மறுமொழியாக ஓர் ஒலிப்பதிவு வந்தது. அதிலே தட்டுப் பாடுகிறது. துள்ளும் இடத்தில் ஒரு கிழக்குரல் அந்த அடியைப் பாடுகிறது. இரைச்சலற்ற பிரதியே போதுமென வாதிட்டு வந்த என் மைந்தன் அதனை இருமுறை கேட்டான், ஒன்றும் கூறவில்லை.

பிரதி எடுப்பதற்கு நான் பகைவனல்லன். மும்பாயில் 1990 இல் அமைந்த இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் போன்றவை இத்துறையில் நற்பணி செய்துள்ளன. நம் நாட்டில் நூலகம் நிறுவனம் தமிழர் ஆவணங்களை எண்ணிம வடிவிற் காத்து வருகின்றது. பழைய மாணவர் பலர் வீட்டுப் பரணிலும் தந்தையார் விட்டுச்சென்ற தட்டுகள் கிடக்கும். பழைய பொருள் வாங்குவோனுக்கு நிறுத்துக் கொடுக்குமுன் ஒரு பட்டியலேனும் எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். வீட்டில் முதியோர் இருப்பின், அவர்கள் பாடுவதையும் உங்கள் கைப்பேசியிற் பதிந்து வையுங்கள். அமெரிக்காவில் 2022 இல் குறுந்தகட்டைவிட நெடுந்தட்டே எண்ணிக்கையில் மிகுதியாக விற்றதாம். நம்மவரோ உள்ளதை எறிந்துவிட்டுப் பின்னர் விலைகொடுத்து வாங்கப்போகின்றனர்.

இராமேசுவரக் கப்பல் எண்பதுகளில் நின்றுபோயிற்று. தை மாதத்தில் விமானமேறிக் கோத்தகிரி செல்லவிருக்கிறேன். பத்துத் தட்டுகளையும் கம்பளியிற் சுற்றிக் கைப்பெட்டியில் வைத்தாயிற்று. அவர்கள் வீட்டிற் கருவி இல்லையாம். சாவி முறுக்கும் பெட்டியொன்றையும், ஊசி இருநூறையும் என் மைந்தனே தேடி வாங்கி வந்திருக்கின்றான்.