டீச்சரம்மாவின் புடவை

போன வாரம் வந்த கடிதங்களில் ஒன்று என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்துவிட்டது. எழுதியவர் ஓர் இளம் உபாத்தியாயினி. மறைமலைநகரில் வீடு. மாமல்லபுரத்தை ஒட்டிய கடலோரக் கிராமம் ஒன்றில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் உத்தியோகம். விடியற்காலையில் எழுந்து, சமையலை முடித்து, குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, மின்சார ரயிலைப் பிடிக்கிறார். கொளவாய் ஏரியை ஜன்னல் வழியே பார்த்தபடி செங்கற்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறார். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மணலில் நடை. பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். அத்தனையும் ஐந்தரை மீட்டர் புடவையில்!

"அக்கா, சுடிதார் போட்டுக்கொண்டு வரலாமா என்று எங்கள் தலைமை ஆசிரியையைக் கேட்டேன். 'இங்கே எல்லோரும் புடவைதானே, அம்மா!' என்றார். கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குமேல் எப்படிக் கேட்பது? சட்டமே அப்படித்தானா?" என்று எழுதியிருக்கிறார்.

சட்டம் அப்படி இல்லை, அம்மணி. 2019-ஆம் ஆண்டு, தலைமைச் செயலாளராக இருந்த கிரிஜா வைத்தியநாதன் ஓர் அரசாணை பிறப்பித்தார். அரசு ஊழியர்கள் சுத்தமாகவும் கண்ணை உறுத்தாத நிறங்களிலும் உடுத்தி வர வேண்டும். பெண்கள் புடவையோ, சல்வார் கமீஸோ, துப்பட்டாவுடன் சுடிதாரோ அணியலாம். ஆண்கள் சட்டையும் பேன்டும் அல்லது வேட்டி அணியலாம் என்பது அதன் சாரம். பள்ளிக்கூடத்துக்கும் இது உண்டா என்று பலருக்குச் சந்தேகம். 2023-ல் பள்ளிக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி அந்த ஆணையையே சுட்டிக்காட்டி, ஆசிரியைகள் சுடிதார் அணிந்து வரத் தடையில்லை என்று சொல்லிவிட்டார். ஆகவே அரசுப் பள்ளியைப் பொறுத்தவரை காகிதத்தில் விஷயம் முடிந்துபோயிற்று.

ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதற்கு எந்த அரசாணையும் பதில் சொல்லாது! 'இங்கே எல்லோரும் புடவைதானே' என்பது எழுதாத சட்டம். எழுதிய சட்டத்தை எடுத்துக் காட்டி வாதாடலாம். எழுதாததை என்ன செய்வது?

இந்த எழுதாத சட்டம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். சகோதரி சுப்புலட்சுமியின் கதை நினைவுக்கு வந்தது. ஒன்பது வயதில், நான்காம் வகுப்புப் பொதுப் பரீட்சையில், அந்தக் காலச் செங்கற்பட்டு ஜில்லாவுக்கே முதலாவதாகத் தேறிய குழந்தை அவர். பதினோரு வயதில் கல்யாணம். சீக்கிரமே கணவர் இறந்துவிட்டார். பெற்றோர் மனம் தளராமல் படிக்க வைத்தார்கள். 1911-ல் பி.ஏ. தேறி, சென்னை ராஜதானியின் முதல் இந்துப் பெண் பட்டதாரி ஆனார். அடுத்த வருஷமே சாரதா லேடீஸ் யூனியன். தம்மைப் போல் சிறு வயதில் தாலியை இழந்த பெண்களைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கினார். 1922-ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி உருவானபோது அதற்குத் தலைமை ஏற்றார். வயதான காலத்திலும் ஓயவில்லை. 1954-ல் தாம்பரத்துக்குப் பக்கத்து மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நல மையம் ஏற்படக் காரணமாக இருந்தார். அந்த மாடம்பாக்கம் இன்று செங்கற்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது.

கணவனை இழந்த பெண் என்ன உடுத்தலாம் என்பதை ஊர் கூடி முடிவு செய்த காலம் அது. பூ கூடாது, பொட்டு கூடாது, வளையல் கூடாது, வண்ணம் கூடாது. அப்படிப்பட்ட பெண்கள்தான் நம் ஊரில் முதல் தலைமுறை ஆசிரியைகளில் கணிசமானவர்கள். அவர்கள்மேல் சுமத்தப்பட்ட கோலத்தையே, காலப்போக்கில், 'ஆசிரியை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று நாம் எடுத்துக்கொண்டோமோ? இது என் ஊகம்தான். ஆனாலும் வெளிர் நிறப் புடவையும் முழங்கை வரை ரவிக்கையுமாக ஒரு டீச்சரம்மாவைப் பார்த்து, "அடடா, என்ன கண்ணியம்!" என்று யாராவது மெச்சும்போதெல்லாம், அந்தக் கண்ணியத்துக்குள் யாருடைய கண்ணீர் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றும்.

ஆண்கள் சமாசாரத்தையும் கொஞ்சம் பார்ப்போம். பழைய வாத்தியார்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சகச்சம், கழுத்து மூடிய கோட்டு, தலைப்பாகை! தலைப்பாகை எப்போது போயிற்று? கோட்டு எங்கே போயிற்று? இன்று பேன்டும் அரைக்கைச் சட்டையுமாக மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார்கள். பண்பாடு போயிற்றே என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வேட்டி அணியலாம் என்று ஆணை வந்த அதே 2019-ல், அக்டோபர் 11-ஆம் தேதி, மாமல்லபுரத்துக்குச் சீன அதிபர் ஷி ஜின்பிங் வந்தார். நம் பிரதமர் மோடி வேட்டியும் சட்டையும் தோளில் துண்டுமாக அவரை வரவேற்றார். பத்திரிகைகளெல்லாம் வேட்டியின் பெருமை பேசின. நல்லது. அதற்குப் பிறகு செங்கற்பட்டுப் பள்ளிகளில் எத்தனை வாத்தியார்கள் வேட்டிக்கு மாறினார்கள்? வண்டி ஓட்டச் சௌகரியமில்லை என்பார்கள். நியாயமான காரணம்தான். அதே காரணத்தை ஒரு பெண் சொன்னால் மட்டும் ஏன் புருவம் உயர்கிறது?

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. நாற்காலியில் உட்கார்ந்து, பிரம்பை மேஜைமேல் வைத்துக்கொண்டு பாடம் நடத்திய காலத்துக்குப் புடவை பொருத்தமாகவே இருந்திருக்கலாம். ஆனால் வகுப்பறையே மாறிவிட்டது! சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல், எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, ரிஷி வேலி முறையைப் பின்பற்றிச் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். 2007-08-ல் அது தமிழ்நாடு முழுவதற்கும் பரவியது. பெஞ்சும் நாற்காலியும் ஓரத்துக்குப் போயின. ஆசிரியை பாயில், குழந்தைகளுக்கு நடுவில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதில் பாட்டு, ஆட்டம், பொம்மலாட்டம் எல்லாம் உண்டு. ஆறு வயதுக் குழந்தைகளோடு தவளைபோல் குதித்துக் காட்ட வேண்டிய டீச்சருக்குக் கொசுவம் கலையாமல் இருக்குமா? நாள் முழுக்க ஒரு கை தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தால், பாடம் நடத்த ஒரு கைதானே மிச்சம்?

"உடை சரியாக இருந்தால்தான் பிள்ளைகள் மதிப்பார்கள்" என்பார்கள். கலைந்த தலையும் கசங்கிய துணியுமாகப் போனால் மதிப்புக் குறையும், அது வாஸ்தவம். அதற்காகக் கோலத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்பவர்கள், மாமல்லபுரத்துக்கு ஒரு நடை போய் அர்ச்சுனன் தபசுப் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். ஒற்றைக் காலில் நின்று, கைகளை உயர்த்தித் தவம் செய்யும் முனிவர் மேலே இருக்கிறார். கீழே ஒரு பூனையும் அப்படியே கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, சுற்றிலும் எலிகள்! கோலத்தில் பூனையிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வேறு இடங்களில் என்ன நடக்கிறது? கேரளத்தில் புடவை கட்டாயமில்லை என்று 2014-லேயே சுற்றறிக்கை வந்தும், சில கல்வி நிலையங்கள் கேட்கவில்லை. 2021 நவம்பரில் உயர்கல்வி அமைச்சர் ஆர். பிந்து மறுபடி கண்டிப்பாகச் சொல்ல வேண்டியதாயிற்று. திருச்சூர் கேரள வர்மா கல்லூரியில் ஆசிரியையாக இருந்தபோது தாமே சுடிதாரில் போனவர் அவர். இலங்கையில் 2022 நவம்பரில், விலைவாசி கழுத்தை நெரித்த சமயத்தில், ஆசிரியைகள் சிலர் புடவையல்லாத எளிய உடையில் பள்ளிக்கு வந்தார்கள். கல்வி அமைச்சோ புடவைதான் என்று பிடிவாதமாக நின்றது. அஸ்ஸாமில் 2023-லும் மகாராஷ்டிரத்தில் 2024-லும் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் வேண்டாம் என்றார்கள். இது ஆண்களுக்கும் சேர்த்து என்பதால் எனக்கு அதில் சண்டையில்லை.

இலங்கைச் சகோதரிகள் செலவைப் பற்றிப் பேசியது ரொம்ப நியாயம். புடவை வாங்கினால் போதுமா? அதற்கொரு ரவிக்கை, உள்பாவாடை, ஃபால்ஸ், இஸ்திரி! சில சமயம் ரவிக்கை தைக்கும் கூலி புடவை விலையை எட்டிப் பிடிக்கிறது. தனியார் பள்ளிகள் சிலவற்றில் திங்கட்கிழமைக்கு ஒரு நிறம், வெள்ளிக்கிழமைக்கு ஒரு நிறம் என்று சீருடைப் புடவை வைத்து, அதன் விலையையும் ஆசிரியை தலையில் கட்டுகிறார்கள். அதன்மேல் ஓவர்கோட்டு வேறு. கத்திரி வெயிலில், மின்விசிறி சுழலாத வகுப்பில்! மாணவர்கள் கைபேசியில் கண்டபடி படம் எடுக்கிறார்கள், அதனால்தான் என்று காரணம் சொல்கிறார்கள். படம் எடுக்கிற பையனைக் கண்டிக்காமல் டீச்சருக்குக் கோட்டு மாட்டுவது எந்த ஊர் நியாயம்? சீருடை வேண்டும் என்கிற நிர்வாகம், துணியையும் தையற்கூலியையும் தானே கொடுக்கட்டும். அரசாணை அங்கே செல்லாது என்பதால், ஆசிரியைகள் சேர்ந்து கேட்டுத்தான் பெற வேண்டும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. தனியாகப் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். உங்களைப்போல் நினைக்கிற இரண்டொருவர் அதே பள்ளியிலோ பக்கத்துப் பள்ளியிலோ இருப்பார்கள். அரசாணையின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மரியாதையாக, "மேடம், இதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். பல தலைமை ஆசிரியைகள் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் மேலிடத்துக் கேள்விக்குப் பயம் உண்டு. விளையாட்டு விழா மாதிரி ஒரு நாளில் ஆரம்பித்தால் கண்ணுக்குப் பழகிவிடும். ஒன்று மட்டும் வேண்டாம்: முப்பது வருஷமாகப் புடவையில் சௌகரியமாக இருக்கும் மூத்த ஆசிரியைகளைப் பழைய பஞ்சாங்கம் என்று பரிகசிக்காதீர்கள். அவர்களுடைய புடவை அவர்களுடைய இஷ்டம்.

எதை உடுத்தினாலும் பருத்தியாக இருக்கட்டும். கரும் நிறத்தில் சாக்பீஸ் தூள் பளிச்சென்று தெரியும். நடுத்தர நிறங்கள் உத்தமம். கடலோரப் பள்ளிக்குப் போகிறவர்கள் கஞ்சியை நம்ப வேண்டாம். உப்புக் காற்றில் மடமடப்பு பதினோரு மணிக்கே அடங்கிவிடும். புடவையானால் கொசுவத்தைக் கணுக்காலுக்குச் சற்று மேலே நிறுத்துங்கள்; மணல் ஏறாது. சுடிதாரானால் துப்பட்டாவை இரண்டு தோளிலும் குத்திக்கொள்ளுங்கள். பஸ் படிக்கட்டில் சிக்காத செருப்பும், கைப்பையில் நாலு ஊக்கும் எப்போதும் இருக்கட்டும்.