மூடிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?

"மூடி போட்டாச்சுன்னா உள்ளே யாருங்ணா பாக்கப் போறாங்க? கரண்ட் வருதில்லைங்க?" சேலம், நாமக்கல் பக்கம் வீடு கட்டியவர்கள் இந்தப் பேச்சைக் கேட்காமல் கிரகப்பிரவேசம் வைத்திருக்க மாட்டார்கள். டி.பி. பெட்டிக்குள் ஒயரைத் திணித்து, மூடியை முழங்கையால் அழுத்தித் திருகு போடுகிறவர் சொல்வது.

யார் பார்ப்பார் என்றால், அடுத்து வரும் எலக்ட்ரீசியன் பார்ப்பார். ராசிபுரத்தில் என் தங்கை வீட்டில் இன்வெர்ட்டர் வைத்த நாளிலிருந்து ஹால் ஃபேனைப் போட்டாலே ஆர்.சி.சி.பி. விழுந்தது. பார்க்க வந்தவர் அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துக் கொடுத்துப் போய்விட்டார். ஷாக்கிலிருந்து உயிரைக் காப்பதற்கென்றே இருக்கும் கருவி அலமாரிக்குப் போனது. வேறொருவர் வந்து இரண்டு மணி நேரம் குடைந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கறுப்பு ஒயர்கள் அத்தனையும் ஒரே நியூட்ரல் பட்டையில் கிடந்தன. பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று பார்ப்பதுதான் ஆர்.சி.சி.பி.யின் வேலை, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் வெட்டிவிடும். இன்வெர்ட்டர் பேஸ் அதன் வழியே போகவில்லை, நியூட்ரல் மட்டும் அதன் வழியே திரும்பியது. 75 வாட் ஃபேனே 300 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும், விழாமல் என்ன செய்யும்? இன்வெர்ட்டர் நியூட்ரலுக்குத் தனிப் பட்டை போட்டு, ஒவ்வொரு ஒயருக்கும் நம்பர் மாட்டினார். அலமாரியில் இருந்தது பழையபடி பெட்டிக்குள் வந்தது.

"எம்.சி.பி. இருக்குதுங்களே, ஏதாவதுன்னா அதுவே ட்ரிப் ஆயிடும்" என்பது அடுத்த சமாதானம். ஷார்ட்டானால் விழும், லோடு கூடினால் விழும். திருகு லூசாக இருந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. லூசான இடத்தில் 0.1 ஓம் தடை இருக்கிறது, அந்த வழியாக 16 ஆம்பியர் போகிறது என்று வையுங்கள்: 16 × 16 × 0.1, அதாவது 25 வாட்டுக்கு மேல் சூடு. ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் பற்றவைப்புக் கோல் ஒன்று பெட்டிக்குள் எரிந்துகொண்டே இருக்கிற மாதிரி. கரண்ட் கூடவில்லையே, எம்.சி.பி. எதற்கு விழும்? போர் மோட்டாருக்காக மூன்று பேஸ் வாங்கிய வீடுகளில் இன்னும் மோசம். மெயின் நியூட்ரல் திருகு நழுவினால், லோடு குறைவாக உள்ள பேஸில் 230 வோல்ட் 400 பக்கம் ஏறிவிடும். முதலில் டி.வி. போகும், பிறகு ஃப்ரிட்ஜ்.

எதிர்ப்பக்கத்து ஆட்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாரிச் சடை பின்னியது போல ஒயரைச் சேர்த்து, இரண்டு அங்குலத்துக்கு ஒரு டை போட்டு இறுக்கிப் படம் எடுக்கிறார்களே, அதுவும் நேர்த்தி இல்லை. நெருக்கிக் கட்டிய ஒயரில் சூடு வெளியேறாது. எம்.சி.பி.யின் ஆம்பியர் கணக்கே 30 டிகிரி வெப்பத்துக்குப் போட்டது. மேற்கு வெயில் படும் சுவரில், சித்திரை மாதச் சேலத்தில், மூடிய பெட்டிக்குள் 30 டிகிரி எங்கே கிடைக்கும்? கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்பதல்ல கேள்வி; ஒரு ஒயரைத் தொட்டால் அது எங்கே போகிறது என்று விரலாலேயே தொடர முடிய வேண்டும். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுராத்திரி நெடுஞ்சாலையில் பின்விளக்கு அணைந்தால் டார்ச் வெளிச்சத்தில் தேடப்போவது டிரைவர்தானே.

செலவு என்கிறார்கள். ஒரு நியூட்ரல் பட்டை, கொஞ்சம் லக், நம்பர் வளையம், கூட அரை நாள் கூலி. டைல்ஸ் கடையில் இதைவிடப் பெரிய தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறோம்.

தங்கை வீட்டுப் பெட்டி மூடியின் உள்பக்கம் இப்போது ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. 1 ஹால், 2 சமையல்கட்டு, 3 மோட்டார். 4-க்கு எதிரே அவள் கையெழுத்தில், "வாட்டர் ஹீட்டர், அம்மா குளிக்கும்போது அணைக்காதீங்க."