அவராகவா நிறுத்தினார்?

எங்கள் பகுதியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருந்த அண்ணன் ஒருவருக்கு ஐம்பது வயதாகும் முன்பே மாரடைப்பு வந்தது. காப்பீட்டில் ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்து வந்தார். மூன்றாவது மாதம், விடியற்காலையில் வேலைக்குப் போன இடத்திலேயே மறுபடியும் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் போய்விட்டது. "மாத்திரையை ஏம்மா நிறுத்த விட்டீங்க?" என்று அவர் மனைவியைக் கேட்டார் மருத்துவர். நோயாளி தானாகவே மருந்தை நிறுத்திவிட்டார் என்று கோப்பில் எழுதினார்கள்.

அந்தத் 'தானாகவே' என்ற சொல்லைப் பற்றித்தான் தோழர்களே, உங்களிடம் பேச வேண்டும்.

ஸ்டென்ட் என்பது அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் உலோக வலை. ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். தட்டணுக்கள் அதன்மேல் ஒட்டி உறையப் பார்க்கும். குழாயின் உட்சவ்வு வலையை மூடி வளரும்வரை ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகள்தான் காவல். மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இரண்டு மாத்திரையும் பொதுவாக ஓராண்டு வேண்டும். இடையில் நிறுத்தினால் குழாய் ஒரேயடியாக அடைபடலாம். சிகிச்சையின்போதே ஏற்படும் சிறு பாதிப்புகள் பலருக்கு ரத்தப் பரிசோதனையில் மட்டுமே தெரியும். வீடு திரும்பிய பின் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து வரும் மாரடைப்பு அப்படியல்ல. அதில் உயிரிழப்பு மிக அதிகம். பிழைத்தாலும் இதயம் பலவீனப்படும்.

2006இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, மாரடைப்புக்குப் பின் மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்த 500 பேரைப் பின்தொடர்ந்தது. ஏறக்குறைய ஏழில் ஒருவர் முப்பது நாளுக்குள் குளோபிடோக்ரல் வகை மாத்திரையை நிறுத்தியிருந்தார். அடுத்த பதினொரு மாதங்களில் நிறுத்தியவர்களில் 7.5 சதவீதம் பேர் இறந்தனர், தொடர்ந்தவர்களில் 0.7 சதவீதம். நிறுத்தியவர்கள் யார்? முதியவர்கள், பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள், செலவுக்குப் பயந்து மருத்துவத்தைத் தவிர்த்தவர்கள் அதில் அதிகம். வீட்டுக்கு அனுப்பும்போது மருந்து பற்றிய விளக்கமும் அவர்களுக்குக் குறைவாகவே கிடைத்திருந்தது. அங்கே வர்க்கம் செய்ததை இங்கே வர்க்கமும் சாதியும் சேர்ந்து செய்கின்றன.

அண்ணனின் கதையைப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க ஆங்கிலம். மாத்திரை வாங்க மாதம் ஒரு நாள் வரிசையில் நிற்க வேண்டும்; நின்றால் அன்றைய கூலி போச்சு. நோய் என்று தெரிந்தால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவார். "குழாய்தான் வெச்சாச்சே, இனி மாத்திரை எதுக்கு?" என்று அவர் என்னிடமே கேட்டிருக்கிறார். பதில் சொல்ல அன்று எனக்கும் தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே சமூகத்தின் தலையில் கட்டப்பட்ட வேலை, விடுப்பில்லாத ஒப்பந்தம், புரியாத சீட்டு. இவையெல்லாம் சேர்ந்து நிறுத்திய மாத்திரைக்குப் பழி மட்டும் அவர் தலையில்.

2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு வரம்பு விதித்தது. சாதாரண ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய். நல்ல நடவடிக்கைதான். ஆனால் கருவியை மலிவாக்கிவிட்டு, அதற்குப் பின்னான ஓராண்டை நோயாளியின் தலையெழுத்துக்கு விடுவது அரைச் சிகிச்சை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஸ்டென்ட் வைத்த ஒவ்வொருவருக்கும் இந்த மாத்திரைகளும் ஒரு நாள்கூடத் தவறாமல் அப்படிச் சேர வேண்டும். சீட்டு தமிழில் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு வேண்டும்.

இவற்றுக்காகப் போராடுவோம். அதுவரை ஒரு சின்ன வேலை: உங்கள் தெருவில் ஸ்டென்ட் வைத்தவர் இருந்தால் அவர் சீட்டை வாங்கிப் படித்துச் சொல்லுங்கள். வயிறு எரிந்தாலும், பல் பிடுங்கச் சொன்னாலும், இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று சொல்லுங்கள். அண்ணனுக்கு அதைச் சொல்ல ஆளில்லாமல் போனது.