சதுர அடிக்குள் ஒளியும் மோசடி

அளவை நிறுவையில் குறைப்போருக்கு அல்லாஹ் விடுத்த கடும் எச்சரிக்கையை நம் மத்ரஸாப் பிள்ளைகள் சூரத்துல் முதஃப்பிஃபீனில் மனனம் செய்கிறார்கள். அடுக்குமாடி வீடு விற்கும் நம்மவர்களுக்கு அது நினைவில் நிற்கிறதா?

நூம்பலில் வீடு தேடிய மாணவர் ஒருவரின் தந்தை இரண்டு விவரத்தாள்களுடன் நம்மிடம் வந்தார். ஒன்று 1,000 சதுர அடி, அடிக்கு 5,500 ரூபாய். மற்றது 900 சதுர அடி, அடிக்கு 5,900 ரூபாய். முதலாவதே மலிவு என்று கருதி, மனைவியின் நகைகளை விற்று முன்பணம் கட்டத் துணிந்திருந்தார். அளவுநாடா பிடித்துப் பார்த்தோம். உள்ளே புழங்கும் இடம் முதல் வீட்டில் 680 சதுர அடி, இரண்டாவதில் 700! மாடிப்படி, லிஃப்ட், பொதுவழி அனைத்தும் அந்த ஆயிரத்திற்குள் ஏறியிருந்தன. புழங்கும் இடத்திற்குக் கணக்கிட்டால் முதலாவது அடிக்கு 8,088 ரூபாய். இரண்டாவது 7,586 ரூபாய். அமைப்போ அதனினும் மோசம். கூடத்தில் விருந்தினர் அமர்ந்துவிட்டால், சமையலறையிலுள்ள பெண்கள் படுக்கையறைக்குச் செல்ல வேறு வழியில்லை.

கழிப்பறை கிப்லாவை நோக்கியிருக்கிறதா என்று தவறாமல் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். கார்பெட் ஏரியா எவ்வளவு, பிரிக்கப்படாத மனைப்பங்கு எவ்வளவு என்று கேட்க மட்டும் ஏனோ கூச்சப்படுகிறோம். கட்டடம் பழையதாகித் தேயும், மனைப்பங்குதான் பிள்ளைகளுக்கு மிஞ்சும்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் கார்பெட் ஏரியாவைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது. வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேரா, உட்சுவர்கள் சேரும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் எழும் திட்டங்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, ஏறத்தாழ 223 சதுர மீட்டர்தான். ஒன்று, இரண்டு கிரவுண்டில் எழும் சிறு கட்டடங்கள் இந்த விலக்கில் அடங்கிவிடும். "சட்டம் கேட்காததை நாங்கள் ஏன் சொல்ல வேண்டும்?" என்று தொழுகையாளியான தரகர் ஒருவர் நம்மிடமே வாதிட்டார். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள். அந்தச் சந்தையில் எந்தப் பதிவுச் சட்டம் இருந்தது?

அந்தத் தந்தை இரண்டு வீடுகளையும் விட்டுவிட்டார். இப்போது பார்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் மனைவியையும் அளவுநாடாவையும் உடன் அழைத்துச் செல்கிறார்.